மாவாக அரைத்த தீவனம், புண்ணாகும் இரைப்பை: பண்ணைப் பன்றிகளின் அல்சர் நமக்கு ஏன் முக்கியம்?

"நேரத்துக்குச் சாப்பிடு, இல்லேன்னா அல்சர் வந்துடும்."

வீட்டில் இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. மனிதர்களைப் பொறுத்தவரை அது முழு உண்மை இல்லை. நமக்கு வரும் இரைப்பைப் புண்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியும் சில வகை வலி மாத்திரைகளும்தான். அந்தக் கிருமியின் பங்கைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியர்கள் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆனால் பண்ணையில் வளரும் பன்றிக்கு அந்த வசனம் அப்படியே பொருந்தும். எதைச் சாப்பிடுகிறது, எவ்வளவு பொடியாகச் சாப்பிடுகிறது, எவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருக்கிறது என்பவைதான் அதன் வயிறு நன்றாக இருக்குமா, புண்ணாகுமா என்பதைப் பெரிதும் முடிவுசெய்கின்றன.

'நான் பன்றி இறைச்சியே தொடமாட்டேன், எனக்கு எதுக்கு இது?' என்று நினைக்கலாம். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அது வழக்கமில்லைதான். ஆனாலும் இந்தக் கதைக்குள் உணவு விலை, தானியச் சந்தை, ஆன்டிபயாட்டிக் மருந்துகள் எல்லாம் இருக்கின்றன. அவை எந்தத் தட்டையும் விட்டுவைப்பதில்லை.

சுருக்கமாக:

• தீவனத்தை மிகப் பொடியாக அரைத்தால் பன்றி குறைவாகச் சாப்பிட்டே எடை போடும். பண்ணைக்குப் பணம் மிச்சம்.

• அதே பொடித் தீவனம் இரைப்பையின் வாசலில் புண் உண்டாக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று.

• தீர்வுகள் தெரிந்தவைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது.

பன்றியின் இரைப்பையில் அப்படி என்ன இருக்கிறது?

பன்றிக்கும் நம்மைப் போல ஒரே அறை கொண்ட இரைப்பைதான். மாட்டுக்கு இருப்பதுபோல் நான்கு அறைகள் கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. உணவுக்குழாய் இரைப்பைக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி வெள்ளையாக, ஏறத்தாழச் செவ்வக வடிவில் ஒரு பகுதி இருக்கும். அதன் உட்தோல் உணவுக்குழாயின் தோல் மாதிரியானது.

இரைப்பையின் மற்றப் பகுதிகளில் வழவழப்பான சளிப் படலம் சுரந்து, அமிலம் சுவரை அரிக்காமல் காக்கும். இந்த வெள்ளைப் பகுதியில் அந்தச் சுரப்பிகள் இல்லை. அதாவது, அமிலத் தொட்டியின் வாசலில் கவசம் இல்லாத ஒரு துண்டு இடம்.

இயற்கையில் அது பெரிய பிரச்சினை இல்லை. வேர், கிழங்கு, புல், கொட்டை என்று பன்றி பகல் பொழுதின் பெரும்பகுதியை மண்ணைக் கிளறித் தின்றே கழிக்கும் விலங்கு. அந்த உணவு நார் நிறைந்தது, கரடுமுரடானது. வயிற்றுக்குள் போனதும் கெட்டியாக, அடுக்கடுக்காகத் தங்கும். மேலே, வாசல் பக்கம் அமிலம் குறைவு. கீழே, உணவு வெளியேறும் பக்கம் அமிலம் அதிகம். இரண்டும் எளிதில் கலக்காது.

இப்போது கெட்டிப் பொங்கலையும் தண்ணீராக இருக்கும் கஞ்சியையும் நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தைச் சாய்த்தால் பொங்கல் இருந்த இடத்தில் இருக்கும். கஞ்சி எல்லாப் பக்கமும் ஓடும்.

மாவாக அரைத்த தீவனம் பன்றியின் வயிற்றில் கஞ்சி மாதிரி ஆகிவிடுகிறது. அடுக்குகள் கலைந்து, கீழே இருக்க வேண்டிய அமிலம் மேலே வந்து கவசமில்லாத அந்த வெள்ளைப் பகுதியைத் தொடுகிறது. திரும்பத் திரும்பத் தொட்டால் முதலில் தோல் தடித்து மஞ்சளாகும். பிறகு வெடிக்கும், அரிக்கும், கடைசியில் புண்ணாகும். புண் ஆழமாகி ரத்தக் குழாயை எட்டினால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். ஆறினாலும் தழும்பு சுருங்கி, இரைப்பையின் வாசலையே குறுகலாக்கிவிடக்கூடும். அப்படிப்பட்ட பன்றி பசியோடு சாப்பிடும், சிறிது நேரத்தில் கக்கிவிடும்.

பிறகு ஏன் பொடியாக அரைக்கிறார்கள்?

காசுதான் காரணம்.

பன்றி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. தானியத்தைப் பொடியாக அரைத்தால் செரிமான நொதிகள் எளிதில் வேலை செய்யும். சத்து வீணாகாது. தீவனத் துகளின் அளவை 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், தீவனப் பயன்பாடு சுமார் 1 விழுக்காடு மேம்படும் என்பது அமெரிக்க ஆய்வுகளில் பலமுறை தெரியவந்த கணக்கு.

ஒரு விழுக்காடு பெரிய விஷயமா? போட்டுப் பாருங்கள். விற்பனைக்குத் தயாராகும்வரை ஒரு பன்றி 250 கிலோ தீவனம் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். 10,000 பன்றிகள் என்றால் 2,500 டன். அதில் ஒரு விழுக்காடு 25 டன். லாரி கணக்கில் மிச்சம்!

அரைத்த மாவை நீராவியில் சூடாக்கி, அழுத்தி, சிறு குச்சிகளாக ஆக்கினால் இன்னும் லாபம். தூசி பறக்காது, சிந்தாது, பன்றியும் வேகமாகச் சாப்பிடும். ஆனால் அந்தக் குச்சி வயிற்றுக்குள் போனதும் கரைந்து மறுபடி மாவாகிவிடும். அழுத்தும்போது துகள்கள் மேலும் நொறுங்குவதால் வயிற்றுக்குப் பாதிப்பும் கூடும்.

தானிய விலை ஏறும்போது இந்தக் கணக்கு இன்னும் இறுகுகிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்த பிறகு கோதுமை, சோள விலைகள் உலகெங்கும் எகிறின. நம் வட்டாரத்துப் பண்ணைகளும் அதிலிருந்து தப்பவில்லை. மலேசியா தீவனச் சோளத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. ஒவ்வொரு கிலோவும் விலை கூடும்போது, 'இன்னும் கொஞ்சம் பொடியா அரைப்போம்' என்ற எண்ணம் வருவது இயல்பு.

மிச்சமாகும் தீவனம் மாதக் கணக்கில் உடனே தெரியும். வயிற்றுப் புண் எந்தக் கணக்கிலும் தெரியாது. பிரச்சினையின் மையமே இதுதான்.

ஏன் தெரியாது?

பன்றி சொல்லாது. மெதுவாக வளரும் புண்ணுக்கு வெளி அடையாளம் மிகக் குறைவு. கவனித்துப் பார்த்தால் சிலவற்றைக் காணலாம்: வெளிறிய தோல், தார் போன்ற கறுப்புச் சாணம், பல்லைக் கடிப்பது, தீவனத்தின் அருகே வந்தும் சரியாகச் சாப்பிடாமல் நிற்பது. பெரிய கொட்டகையில் ஆயிரக்கணக்கான பன்றிகளுக்கு நடுவே இதை யார் கவனிப்பார்கள்? நேற்றுவரை நன்றாக இருந்த பன்றி காலையில் வெளிறிப்போய் இறந்து கிடக்கும். அறுத்துப் பார்த்தால் வயிறு நிறைய ரத்தம்.

இறக்காத பன்றிகளின் கதை இறைச்சிக் கூடத்தில், இரைப்பையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். வழக்கமான சோதனையில் எல்லா இரைப்பைகளையும் திறந்து பார்ப்பதில்லை. டென்மார்க்கில் பண்ணையாளர்கள் ஒரு தொகுதி இரைப்பைகளை ஆய்வகத்திற்கு அனுப்பி, 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்கிக்கொள்ள முடியும். 0 என்றால் சுத்தம். எண் கூடக் கூடப் பாதிப்பு அதிகம்.

இதுபோன்ற ஆய்வுகளில் பண்ணைக்குப் பண்ணை பெரிய வித்தியாசம் தெரிகிறது. ஒரு பண்ணையில் சில பன்றிகளுக்கு மட்டும் புண். இன்னொன்றில் பெரும்பாலானவற்றுக்கு. இரண்டிலும் ஒரே இனப் பன்றிகள் இருக்கலாம். மாறுவது தீவனமும் பராமரிப்பும்தான்.

இதில் ஒரு எச்சரிக்கையும் தேவை. அறுப்பதற்கு முன் பன்றிகளுக்குப் பல மணி நேரம் தீவனம் கொடுக்கமாட்டார்கள். அந்தப் பட்டினியே ஒரே நாளில் புண் உண்டாக்கப் போதுமானது. எனவே இறைச்சிக் கூடத்தில் பார்க்கும் எல்லாப் புண்ணும் பண்ணையில் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

தீவனம் மட்டும்தான் காரணமா?

இல்லை. ஆனால் மற்றக் காரணங்களில் பலவும் சுற்றிச் சுற்றிச் சாப்பாட்டிடமே வந்து நிற்கின்றன.

இடைவெளி: தீவனத் தொட்டி காலியாவது, குழாய் அடைப்பது, லாரி தாமதமாவது. வயிறு காலியானால் அமிலத்தைத் தடுக்க உள்ளே எதுவும் இல்லை. தீவனம் வந்ததும் பசியில் அவசரமாக விழுங்கும். வயிறு மறுபடி கலங்கும்.

வெயில்: பன்றிக்கு வியர்வை வழியே உடலைக் குளிர்விக்கும் வசதி கிட்டத்தட்ட இல்லை. வெப்பம் கூடினால் சாப்பிடுவதைக் குறைக்கும், இரவில் குளிர்ந்ததும் சேர்த்துச் சாப்பிடும். ஆண்டு முழுக்க 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நம் வட்டாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

நோய்: காய்ச்சல் வந்தால், நிமோனியா வந்தால் பன்றி சாப்பிடாது. மீண்டும் அதே இடைவெளி.

கிருமி: பன்றியின் வயிற்றிலும் ஹெலிகோபேக்டர் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிருமி உண்டு. பெயர் ஹெலிகோபேக்டர் சூயிஸ். புண்ணோடு அதற்குத் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நல்ல தீவனம் கொடுக்கும் பண்ணையில் அது தனியாகப் பெரிய சேதம் செய்யுமா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது.

குட்டிகளின் வயிறு: இங்கேதான் நம் மருந்துகளும் வருகின்றன

வளர்ந்த பன்றிக்கு அமிலம் தவறான இடத்தில் சேர்வது பிரச்சினை. குட்டிக்கோ அமிலம் போதாததுதான் பிரச்சினை.

இயற்கையில் பன்றிக்குட்டி பல வாரங்களில், சிறிது சிறிதாகத்தான் தாய்ப்பாலை மறக்கும். பண்ணைகளில் பெரும்பாலும் 3 முதல் 4 வாரங்களில் பிரித்துவிடுகிறார்கள். அந்த வயதில் இரைப்பை போதிய அமிலம் சுரக்காது. பாலில் இருந்து திடீரெனத் தானியத்துக்கும் சோயாவுக்கும் மாறும்போது, சரியாகச் செரிக்காத புரதம் குடலுக்குள் போகிறது. அமிலத்தில் சாக வேண்டிய ஈ-கோலை கிருமியும் கூடவே போகிறது. விளைவு, கடும் வயிற்றுப்போக்கு.

அதைத் தடுக்கப் பல ஆண்டுகளாகத் தீவனத்திலேயே ஆன்டிபயாட்டிக் மருந்தோ, அதிக அளவில் துத்தநாக ஆக்சைடோ கலந்தார்கள். உணவால் வந்த பிரச்சினைக்கு மருந்தால் ஒட்டுப்போட்டார்கள் என்றே சொல்லலாம்.

அதன் விலை 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது. கோலிஸ்டின் என்பது வேறு எந்த மருந்தும் வேலை செய்யாதபோது மருத்துவமனைகளில் கையில் எடுக்கும் ஆன்டிபயாட்டிக். அதை எதிர்த்து நிற்க உதவும், ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடிய மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் பன்றிகளிலும் இறைச்சியிலும் மருத்துவமனை நோயாளிகளிடமும் கண்டுபிடித்தார்கள். சீனப் பண்ணைகளில் கோலிஸ்டின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கப்பட்டுவந்தது.

பிறகு விதிகள் இறுகின. வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கொடுப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. மலேசியா 2019இல் உணவு விலங்குகளுக்கு அதைத் தடைசெய்தது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006இலேயே தடுத்த ஐரோப்பிய ஒன்றியம், குட்டிகளுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதையும் 2022 ஜூன் முதல் தடைசெய்தது. துத்தநாகம் சாணத்தோடு மண்ணில் சேர்வதும் ஒரு காரணம்.

மருந்து போனால் மிச்சம் இருப்பது என்ன? உணவுதான். புரதத்தைக் கொஞ்சம் குறைப்பது, நார் சேர்ப்பது, தீவனத்தில் மென்மையான அமிலங்கள் கலப்பது, தாயிடம் சில நாள் கூடுதலாக விடுவது. வயிற்றைக் கவனித்தால் மருந்துக்கான தேவை குறையும். இறைச்சியே சாப்பிடாதவருக்கும் நாளை மருத்துவமனையில் அந்த மருந்து வேலை செய்ய வேண்டுமே!

அப்போ கம்போங் காலம்தான் நல்லதா?

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகள் நிறைய இருந்தன. பொங்கோல் வட்டாரம் அதற்குப் பேர்போனது. குளத்தில் வளர்ந்த ஆகாயத்தாமரை, மரவள்ளிக் கிழங்கு, வீடுகளிலும் கடைகளிலும் மிஞ்சிய சாப்பாடு ஆகியவை பன்றிகளுக்குத் தீவனமாயின. நார் நிறைய, துகள் பெரிது. இரைப்பையின் வாசலுக்கு மட்டும் பார்த்தால் அது மோசமான சாப்பாடு இல்லை.

ஆனால் பழைய முறைக்கும் ஒரு விலை இருந்தது. கழிவு நீரும் நாற்றமும் பெரிய பிரச்சினையாக, பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடுவதென 1984இல் அரசாங்கம் முடிவெடுத்தது. மிஞ்சிய சாப்பாட்டைப் பன்றிக்குப் போடுவதும் இன்று பெரும் ஆபத்தாகப் பார்க்கப்படுகிறது. 2001இல் பிரிட்டனை உலுக்கிய கோமாரி நோய், சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குக் கொடுத்த ஒரு பண்ணையிலிருந்து தொடங்கியதாக விசாரணையில் தெரியவந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமியும் சமைக்காத இறைச்சி மிச்சங்களில் நீண்ட நாள் உயிரோடு இருக்கும். மனிதர்களுக்கு அது தொற்றாது. பன்றிகளை மொத்தமாகக் கொன்றுவிடும்.

ஆக, பழையதற்கு அப்படியே திரும்புவது வழி இல்லை. அந்தச் சாப்பாட்டில் இருந்த நாரையும் கரடுமுரடையும் மட்டும் பாதுகாப்பாகத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்பதே கேள்வி.

என்ன செய்யலாம்? என்ன தடுக்கிறது?

முதல் வழி, கரகரப்பாக அரைப்பது. சுத்தியல் ஆலையைவிட உருளை ஆலையில் அரைத்தால் துகள்கள் ஒரே அளவில் வரும், மிகப் பொடியான தூசி குறையும். தடை? தீவனச் செலவு ஒன்று, இரண்டு விழுக்காடு கூடும்.

இரண்டாவது, தானியத்தை மாற்றுவது. கோதுமையைவிட வாற்கோதுமையும் ஓட்ஸும் வயிற்றுக்கு இதமானவை. ஓட்ஸ் உமி சேர்ப்பதும் உதவுகிறது. நம்மூர்க்காரர்கள் மாட்டுக்குத் தவிடும் உமியும் கலந்த அதே யோசனைதான். ஆனால் நார் கூடினால் பன்றி மெதுவாக எடை போடும்.

மூன்றாவது, வைக்கோல். பன்றிகள் எப்போதும் மென்றுகொண்டே இருக்கும் அளவுக்குத் தினமும் புதிய வைக்கோல் கொடுத்தபோது இரைப்பைப் புண்கள் குறைந்ததை டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டார்கள். மெல்லும்போது உமிழ்நீர் சுரக்கும், அது அமிலத்தைத் தணிக்கும். வயிற்றில் நாரும் சேரும். கிளறித் தின்னும் ஆசையும் தீரும். பன்றிகளுக்கு வைக்கோல் போன்ற பொருள்கள் எந்நேரமும் கிடைக்க வேண்டும், சினைப் பன்றிகளுக்குப் பசியாற நார்ச்சத்துள்ள உணவு வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் சொல்கிறது.

தடை? இடைவெளி விட்ட தரையில் வைக்கோல் விழுந்து கழிவுக் குழாயை அடைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உள்ள பகுதிகளில் வைக்கோலே கிருமியைக் கொண்டுவரலாம். அங்கே 90 நாள் தனியே வைத்திருந்த பிறகு பயன்படுத்தும்படி ஐரோப்பிய வழிகாட்டிகள் சொல்கின்றன.

நான்காவது வழிக்குப் பெரிய செலவில்லை. தொட்டியைக் காலியாக விடக்கூடாது, குளிர்ந்த தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், வெயில் நாளில் காற்றோட்டம் வேண்டும். அம்மா சொன்ன அதே வசனம்!

சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து உண்டா?

பன்றியின் வயிற்றுப் புண் இறைச்சி வழியாக நமக்கு வராது. உணவங்காடிகளில் மிளகு போட்ட பன்றி இரைப்பை சூப் குடிப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். இறைச்சிக் கூடத்தில் சோதித்து, நோயுற்ற உறுப்புகளை ஒதுக்கிவிடுவார்கள்.

இங்கே கேள்வி வேறு. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. பன்றி இறைச்சி உறைந்த நிலையில் பிரேசில் போன்ற தொலைதூர நாடுகளிலிருந்து வருகிறது. உயிருள்ள பன்றிகள் சரவாக்கிலிருந்து கப்பலில் வருகின்றன. இந்தோனேசியாவின் புலாவ் புலானிலிருந்து வந்த பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் அந்த இறக்குமதி நின்றது. அப்போது நம் மொத்தப் பன்றி இறைச்சி விநியோகத்தில் சுமார் 15 விழுக்காடு அங்கிருந்துதான் வந்தது. ஈரச்சந்தைக் கடைக்காரர்கள் உடனே பாதிக்கப்பட்டார்கள்.

அதற்கு முன் 1999இல், நிப்பா கிருமி மலேசியப் பண்ணைகளிலிருந்து வந்த பன்றிகள் வழியாக இங்குள்ள இறைச்சிக் கூட ஊழியர்களுக்குப் பரவியது. 11 பேர் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். தீபகற்ப மலேசியாவிலிருந்து உயிருள்ள பன்றிகள் வருவது அத்தோடு நின்றது.

இந்த நெருக்கடிகளுக்குக் காரணம் அல்சர் இல்லை. இரண்டும் கிருமிகளால் வந்தவை. ஆனால் அவை ஒரு விஷயத்தை நினைவூட்டின: எங்கோ ஒரு பண்ணையில் விலங்கின் உடல்நலம் எப்படி இருக்கிறது என்பது நம் சந்தை விலையையும் ஊழியர்களின் உயிரையும் தொடுகிறது.

கிருமி வந்தால் செய்தி வரும், எல்லை மூடும், அதிகாரிகள் பேசுவார்கள். வயிற்றுப் புண்ணுக்கு அப்படி எதுவும் நடக்காது. அது ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தீவனக் கலவையிலும் சத்தமில்லாமல் எடுக்கப்படும் முடிவு. பொட்டலத்தில் இறைச்சியின் எடை, விலை, நாடு எல்லாம் அச்சாகியிருக்கும். பன்றி என்ன சாப்பிட்டது என்பது பெரும்பாலும் இருக்காது.

அடுத்த முறை உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ 'இறைச்சி விலை ஏறிடுச்சு' என்ற பேச்சு வந்தால், இன்னொரு பக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். விலை குறைவாக இருந்த நாளில் அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பகுதி அரைவை ஆலையிலிருந்து வந்தது. அந்த மிச்சத்துக்கான விலையைப் பன்றி தன் வயிற்றில் கொடுத்தது.